வாலாஜாபாத் என்று நான் சொன்ன ஊர்

“...அப்போ நாங்கெல்லாம் வாலாஜாபாத்துக்காரங்களா தம்பி? எங்க ஊரை எப்போ அங்க தூக்கினு போனே?” என்று கோயில் வாசலில் பூக்கார அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மாவிடம் நான் பேசிய இங்கிலீஷில் அக்காவுக்குப் புரிந்தது அந்த ஊர்ப் பெயர் ஒன்றுதான். என் பொய்யும் அதுதான்.

அது 1991. வெளிநாட்டுக்காரர்களை மெட்ராஸிலிருந்து காரில் கூட்டிவந்து ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் என்று சுற்றிக்காட்டுவதே என் பிழைப்பு. மே மாதம் எங்கள் ஊரில் குண்டு வெடித்தது. உலகப் பேப்பரிலெல்லாம் ஊர்ப் பெயர் வந்தது. அதன்பிறகு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து வந்தவர் இந்த ஜெர்மன்காரம்மா ஒருவர்தான். தன் நாட்டில் டூர் கம்பெனி நடத்துகிறவர். அவருக்குப் பிடித்தால் அடுத்த வருஷம் ஆட்களை அனுப்புவார். இல்லையென்றால் நான் காரை விற்க வேண்டியதுதான். “இது எந்த ஊர்?” என்று அவர் கேட்டதும் பயத்தில் பொய் சொல்லிவிட்டேன்.

“அக்கா, உன் கால்ல வுழறேன், மெதுவா பேசு. ஊரு பேரு தெரிஞ்சா அந்தம்மா ஓடிடும்.”

“ஓடட்டுமே! பேரை மறைச்சிக் காட்டறதுக்கு நாங்க இன்னா திருட்டு மாடா?”

ஊரைக் காட்டியே பிழைத்தவன் நான். அந்த அம்மாவைக் காருக்குக் கூட்டிப்போகப் பார்த்தேன்.

அக்கா ஒரு முழம் கதம்பத்தை அளந்து கிள்ளி, அந்த அம்மாவின் கையில் சுற்றிவிட்டார். பிறகு கோபுரத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: “ஸ்ரீ... பெரும்... புதூர்.”