இரண்டாம் பிரதிவாதி

போன வாரம் என் வழக்கில் அரசாங்கத்தையே சேர்த்துவிட்டேன்!

வழக்கு ஒன்றும் பெரிதில்லை. தேவிபட்டினம் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் மிளகாய்த் தோட்டம். ரோட்டிலிருந்து அதற்குப் போகும் பாதையைச் சித்தப்பா மகன் முனியசாமி முள்வேலி போட்டு அடைத்துவிட்டான். காரணம்? என் ஆடு அவன் தென்னங்கன்றைக் கடித்ததாம். கடித்தது உண்மைதான்… அதற்காக? கோர்ட்டுக்குப் போனேன்.

பதில் மனுவில் அவன் ஒரே போடாகப் போட்டான் – பாதை எனக்கும் சொந்தமில்லை, அவனுக்கும் சொந்தமில்லை, கண்மாய்ப் புறம்போக்கு! அரசாங்க நிலத்தில் இவன் எப்படி வேலி போட்டான்? கேட்டிருப்பேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தைதான் இல்லையே!

"எடத்துக்குச் சொந்தக்காரரைச் சேக்காம கேஸு நிக்காது சார். பிராதைத் திருத்தி, கலெக்டரையும் பிரதிவாதியாச் சேத்துருவோம்" என்றார் வக்கீல். மனுப் போட்டோம். அனுமதியும் கிடைத்தது. முதல் பிரதிவாதி முனியசாமி, இரண்டாம் பிரதிவாதி அரசு. கோர்ட் படி இறங்கும்போது என் நடையே மாறிவிட்டது.

ராமநாதபுரத்திலிருந்து ஊருக்கு அந்த நேரத்தில் ஒரே பஸ்தான். முன் சீட்டில் வாதி, பின் சீட்டில் பிரதிவாதி. இறங்கும்போது வானம் கருத்துக் கிடந்தது. தோட்டத்துக் களத்தில் வருஷமெல்லாம் பாடுபட்ட மிளகாய் காய்கிறது. அங்கே என் மனைவி ஒற்றை ஆள். நனைந்தால் அவ்வளவும் சோடைதான், வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

சுற்றுவழியில் ஓடத் திரும்பினேன். பின்னால் சடசடவென்று சத்தம். முனியசாமி தன் வேலியைத் தானே பிடுங்கி எறிந்துகொண்டிருந்தான்!

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? இங்கன வாங்கண்ணே!"

எங்கள் பக்கம் இப்படித்தான். மழைக்கு மிளகாய்க் களம் என்றால் பகையெல்லாம் அப்புறம். அவன் வீட்டுத் தார்ப்பாயும் வந்தது. மூடி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

தார்ப்பாய் ஓரத்தில் கல்லை வைத்துக்கொண்டே முனியசாமி கேட்டான்: "அரசாங்கத்தச் சேத்துட்டீக… சரி. அடுத்த மழைக்கு அந்த ரெண்டாம் பிரதிவாதி தார்ப்பாயத் தூக்கிக்கிட்டு ஓடி வருவாராண்ணே?"

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆட்டைக் கட்டிப்போட்டேன்.