வீட்டில் மாண்டரின் மட்டும்

மகள் சீனப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். எனக்கும் அவள் அப்பாவுக்கும் அங்கே பேசும் மாண்டரின் சீனத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

"வீட்லயும் அதையே பேசவை லா, சீக்கிரம் வந்துரும்" என்றாள் ஆபீஸ் தோழி. அன்றே சட்டம் போட்டேன். தமிழில் கேட்டால் பிஸ்கட்கூடக் கிடையாது.

மாண்டரின் நன்றாகவே வந்துவிட்டது.

இன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆயர் குரோவில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த சீன டாக்டரிடம் மாண்டரினில் கடகடவென்று ஏதோ சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பி மலாய் மொழியில் விளக்கினார். பள்ளிக் கழிவறையில் பெரிய பிள்ளைகள் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுகிறார்களாம். அந்தப் பயத்தில் நாள் முழுக்க அடக்கிக்கொண்டே இருக்கிறாளாம்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?"

"தமிழ்ல சொல்லலாமா?" என்று முதலில் அனுமதி கேட்டாள். தலையாட்டினேன்.

"உங்ககிட்ட தினமும் சொன்னேம்மா. நீங்கதான் 'வெரி குட், இன்னும் பேசு'ன்னு கை தட்டுனீங்க."

மாண்டரினைச் சீக்கிரம் கற்றுக்கொள்ள வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். இந்த முறை எனக்கு.