கருகுவதற்குச் சற்று முன்

அலோர் ஸ்டார் போகும் மாலை பஸ்ஸில் அவர் மெர்கோங்கில் ஏறினால் பஸ் முழுவதும் கோப்பி மணக்கும். கோப்பித்தூள் ஆலையில் கொட்டை வறுப்பவர். புருவம் பொசுங்கி, நகக்கண்ணெல்லாம் கறுத்திருக்கும். எங்கெங்கோ விளைந்து கப்பலில் வரும் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்தால்தான் இங்கே மலாய்க்காரர், சீனர், நாங்கள் என எல்லோருக்கும் அது கோப்பி. கருகுவதற்குச் சற்று முன் இறக்க வேண்டும். அந்த நேரத்தை மூக்குதான் சொல்லும்.

வழியெல்லாம் தன் சட்டைக் கையை முகர்ந்துகொண்டே வருவார். தொழில் பெருமை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இத மோந்து பாருங்க. கருகிடுச்சா?"

"ஏண்ணே, உங்களுக்குத் தெரியாததா?"

"போன மாசம் காய்ச்சல் வந்துச்சு. அதுலேர்ந்து மூக்குல எந்த வாடையும் ஏறல. மொதலாளிக்குத் தெரியாதுலா. தெரிஞ்சா வேலை போயிரும்."

முகர்ந்தேன். தீய்ந்த வாடை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குண்ணே" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப நாளைக்கும் இதே பதத்துல எறக்கிடுறேன்."

பொட்டலத்தை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. இன்றும் மெர்கோங்கில் பஸ் நின்றால் மூச்சை ஆழ இழுத்துப் பார்க்கிறேன். டீசல் வாடைதான் வருகிறது.