பழைய நம்பரும் ஏழுமலையின் பாடும்

இன்று ஸ்கிரிப்ட் எழுதும் பிள்ளைகள், லாகின் செய்ததும் வரும் 'குக்கி' என்ற அடையாளக் குறியைச் சேமித்து, ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்புகிறார்கள். எண்பதுகளின் கடைசியில் அந்தப் பெயர் கிடையாது, வேலை அதேதான். பழவேற்காட்டில், மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை சொல்லும் ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். காலையில் போன் லைனில் மெட்ராஸ் வானிலை ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பிடித்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் ஒரு செஷன் நம்பர் வரும். பிறகு கேட்கும் ஒவ்வொரு கேள்வியிலும் அந்த நம்பர் இருக்க வேண்டும்.

எங்கள் லைன் ஒரு சனியன். லாகின் முடிவதற்குள் நாலு தடவை அறுந்துவிடும். அதனால் ஒருநாள் கிடைத்த நம்பரை ஃபைலில் போட்டுவைத்து, தினமும் அதையே அனுப்பும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். பதிலில் 'வார்னிங்' என்ற சொல் இல்லாவிட்டால் 'புயல் எச்சரிக்கை இல்லை' என்று பிரிண்ட் ஆகும்.

"பரவால்லியே பாய், ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க!" என்றார் மேலதிகாரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, கோட்டைக்குப்பம் மீனவர் ஏழுமலை வந்தார். அன்று அவருடைய பாடு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். அந்த முறைதான் பாடு. தவறவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும்.

"இன்னா பாய், மேகம் ஒரு மாதிரி கீது. தம்பி வேணான்றான். விட்டா அந்த எடம் மறுபடி எப்ப வருமோ. உன் மிசினு இன்னா சொல்லுது?"

காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தேன். "ஒண்ணுமில்லப்பா, தைரியமா போ."

"அப்ப சரி, கவருமெண்டு பேப்பரே சொல்லிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பத்து மணிக்குக் காற்று அடித்தது. படகு கவிழ்ந்தது. ஏழுமலை வலைக்கம்பைப் பிடித்துக்கொண்டு தப்பினார். தம்பி கோவிந்தன் மறுநாள் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

காற்றடித்த அன்று காலை மெட்ராஸிலிருந்து வந்த பதிலை அதற்குப் பிறகுதான் முழுசாகப் படித்துப் பார்த்தேன். அதற்கு முந்தின நாள் அங்கே கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள். அதோடு என் பழைய நம்பர் செல்லாமல் போய்விட்டது. கம்ப்யூட்டர் என்னை உள்ளேயே விடவில்லை. பெயர் கேட்டு, பாஸ்வேர்டு கேட்டு, லாகின் திரையைத்தான் அனுப்பியிருந்தது. அதில் வார்னிங் எங்கிருந்து வரும்? புதிதாக லாகின் செய்து பார்த்தேன். எச்சரிக்கை விடியற்காலையே வந்திருந்தது. அட பாவி, நாலு தடவை போன் சுற்ற எனக்கு உடம்பு வளையவில்லை.

ஏழுமலை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் நிறுத்தினார்.

"நம்பரு கிம்பருலாம் எனக்குப் புரியல பாய். நீ பாத்துட்டு சொன்னியா, பாக்காம சொன்னியா? அத்த மட்டும் சொல்லு."

"பாக்கல."



பிள்ளைகளே, பதில் வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே விட்டார்களா என்று முதலில் பாருங்கள். நான் அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் பழைய நம்பரைத் தொடவில்லை.

ஊர் அவருக்கு மறுபடி ஒரு பாடு ஒதுக்கியது. அன்று காலை புதிதாக லாகின் செய்து, பதிலை இரண்டு தடவை படித்து, எச்சரிக்கை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காகிதத்தோடு அலுவலக வாசலில் நின்றேன். ஏழுமலை துடுப்போடு வந்தார். நின்று வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.