சொல்லாமல் வரும் விசில்

முதல் அறிகுறி குக்கர் விசிலில் வந்தது. என் தோளில் உடைந்த காறை எலும்புக்குப் போட்ட கட்டைப் பிரித்து நான்கு நாள் ஆகியிருந்தது. அடுப்படியில் விசில் கிளம்பியபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

"குக்கருக்குப் பயந்த மொத ஆளு நீதான்டி" என்று அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் அடுப்பை அணைத்தார். மறுநாள் முதல் வடித்த சோறுதான்.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்பு, வேலைக்குப் போகும் வழியில், அரியலூருக்குச் சற்று முன்னால் என் ஸ்கூட்டி சறுக்கியது. பின்னால் வந்த சுண்ணாம்புக்கல் லாரி என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நின்றபோது அதன் ஏர் பிரேக் சீறியது. எலும்பு கூடிவிட்டது. சீறல் போகவில்லை.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வகத்தில், சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் எவ்வளவு என்று அளப்பது என் வேலை. ஜன்னலுக்கு வெளியே எடைமேடை. வருகிற லாரியெல்லாம் அங்கே சீறிவிட்டுத்தான் நிற்கும். விடுப்பு மாதக் கடைசி வரை. அதற்குள் திரும்பாவிட்டால் வேறு ஆள் எடுக்க வேண்டியிருக்கும் என்று பொறுப்பாளர் மரியாதையாகவே சொல்லியிருந்தார்.

பெரம்பலூரில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். மூளைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டேன். அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். நான் குறித்துக்கொண்டது இது:

ஒலியும் வலியும் அமிக்டலாவில் (மூளைக்குள் பாதாம் பருப்பளவு உள்ள, ஆபத்தை உணரும் பகுதி) சந்திக்கின்றன. குளுட்டமேட் (நரம்பு செல்கள் செய்தி அனுப்பும் வேதிப்பொருள்) வெளிப்படுகிறது. ஒலியும் வலியும் ஒரே நேரத்தில் வந்தால்தான் என்.எம்.டி.ஏ. ஏற்பி (செல்லின் மேல் கதவு போல இருக்கும் புரதம்) நன்றாகத் திறக்கும். திறந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. சில மணி நேரத்தில் புதுப் புரதங்கள் உருவாகி அந்த இணைப்பை இறுக்கிவிடுகின்றன.

"கால்சியமா?" என்றேன்.

"நீங்க தினம் அளக்குறதுதான்."

"இதை எப்படி அழிப்பீங்க டாக்டர்?"

"அழிக்க முடியாதும்மா. பக்கத்துல இன்னொரு நினைவு உண்டாக்கலாம். 'இந்தச் சத்தத்தால ஒண்ணும் ஆகல'ங்குற நினைவு. அது பழசை அடக்கி வைக்கும். அதுக்கும் இதே கதவு, இதே கால்சியம்தான்."

இதற்குப் பயத் தணிப்பு என்று பெயர். பயப்படும் ஒலிகளுக்கு மதிப்பெண் போட்டு, குறைந்ததிலிருந்து தினமும் கேட்க வேண்டும். கைபேசியில் லாரிச் சத்தம் முப்பது. குக்கர் அறுபது. புறவழிச்சாலை ஓரம் நிற்பது எண்பது. எடைமேடை நூறு. பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. மூன்று வாரத்தில் குக்கர் பத்துக்கு இறங்கியது, சாலை இருபதுக்கு. வரைபடம் கூடப் போட்டு வைத்தேன்.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பஸ்ஸில் ஆய்வகத்துக்குப் போனேன். முதல் லாரி சீறியது. கையிலிருந்த குடுவை விழுந்து உடைந்தது. மேஜைக்கு அடியிலிருந்து என்னை எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"வீட்டுல குக்கர் வைக்கிறப்போ யார் கூட இருப்பாங்க?" என்று, அம்மாவோடு மறுபடி போனபோது, மருத்துவர் கேட்டார்.

"நான்தாங்க" என்றார் அம்மா, பெருமையாக. "ஒவ்வொரு விசிலுக்கும் முன்னாடி 'வரப்போவுதுடி'ன்னு சொல்லிருவேன். ரோட்டுலயும் கையைப் புடிச்சுக்கிட்டு லாரி வருது, லாரி வருதுன்னு சொல்லுவேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

என் மூளை கற்றது 'சீறல் ஆபத்தில்லை' என்பதை அல்ல. 'அம்மா சொல்லிவிட்டு வந்தால் ஆபத்தில்லை' என்பதை. புது நினைவு, அது உண்டான இடத்தோடும் ஒட்டிக்கொள்ளும். பெரம்பலூரில் கற்றது அரியலூரில் செல்லவில்லை. ஆய்வகத்தில் அறையின் வெப்பநிலையைக் கூடக் குறிப்பவள் நான். என் பட்டியலில் எங்குமே அம்மாவின் குரல் இல்லை.

"இனிமே சொல்லாதீங்கம்மா."

"சொல்லாம எப்படிங்க டாக்டர்? புள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுதே."

"போடட்டும்ங்க."

மறுநாள் அம்மா குக்கர் வைத்துவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதிப்பெண் மறுபடி அறுபது.

பொறுப்பாளர் ஒரு மாதம் அரை ஷிப்ட் தந்திருக்கிறார், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று. உங்களுக்கும் இப்படி ஒரு ஒலியோ ஒரு வாசனையோ இருந்தால், உங்கள் வீட்டில் அன்பாக முன்கூட்டிச் சொல்பவர் யார் என்று பாருங்கள். குணமாகிவிடும் என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது லாரி சீறினால் உடம்பு எனக்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறது. குடுவையை மேஜையில் வைப்பது மட்டும் என் கையில் இருக்கிறது. வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். உடம்பு அடங்க முதலில் நாற்பது நிமிடம் ஆனது. இப்போது ஐந்து. சில நாள் காரணமே இல்லாமல் மறுபடி நாற்பது. மற்றபடி நேரத்தை நான் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பதுதான் நேரம். கடைசி லாரி போன பிறகும் தோள்கள் உயர்ந்தே இருக்கின்றன. இறங்கச் சொல்கிறேன். அவை இன்னொன்றுக்காகக் காத்திருக்கின்றன.