இறக்கை நுனியில் ஒரு விரற்கடை

அன்செல்ம் கோபெருக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனாலும் நானூறு தடவைக்கு மேல் பறந்திருந்தார். பிரான்சில், லுவார் ஆற்றங்கரை விமானப் பட்டறையில் அப்படியொரு வழக்கம்: இறக்கைக் கம்பிகளை முறுக்கியவர்தான் சோதனைப் பறப்பில் முன்னிருக்கையில் உட்கார வேண்டும்.

1931இல் ராணுவப் பள்ளிகளுக்காக ஓர் இரட்டை இறக்கை விமானம் செய்தார்கள். முதல் மாதிரி தரையிறங்கும்போது மூக்குக் குப்புற விழுந்தது. சக்கரங்களை முன்னே தள்ளினார்கள். இரண்டாவது ஆடாமல் பறக்க அதன் வாலைப் பெரிதாக்கினார்கள். மூன்றாவதில் அன்செல்ம், வரைபடத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். இறக்கை நுனிகளின் முன்விளிம்பை ஒரு விரற்கடை தாழ்த்தி முறுக்கினார். அதன்பிறகு யார் எப்படி ஓட்டினாலும் வண்டி ஒரு பக்கமாகச் சரியவில்லை.

ராணுவத்திலிருந்து பார்வையிட வந்த கேப்டன் பிரிஸோனே அதை ஆகாயத்தில் சுழலவிடப் பார்த்தார். சுழலவில்லை. இறங்கிக் கையுறையைக் கழற்றினார்.

"நல்லா இருக்கு. வேண்டாம்."

நாற்பது விமானங்களுக்கான கொள்முதல் ஆணை கைநழுவப் பார்த்தது. பட்டறை முதலாளி அர்துவேன் ஓடிவந்தார்.

"என்ன குறை, கேப்டன்?"

"எந்தத் தப்பையும் மன்னிச்சிடுது. இதுல பழகினவன் சண்டை விமானத்துல ஏறுன வாரமே செத்துப்போவான். சாயங்காலம் எனக்கு ரயில்."

அந்தப் பெரிய வாலை வெட்டிச் சிறிதாக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள் பொறியாளர்கள். அன்செல்ம் தொப்பியைக் கழற்றினார்.

"வாலை விடுங்க, முசியே. அது என் வேலை. பசங்க கை பதறுமேன்னு நுனியை முறுக்கி வெச்சேன்."

"யாரைக் கேட்டு?" என்றார் முதலாளி.

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பீங்க."

கேப்டன் சிரித்தார். "விமானம் கேட்டா தொட்டில் கட்டிக் குடுத்திருக்கான்யா!"

அன்செல்ம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் கம்பிகளைத் தளர்த்தி நுனிகளைப் பழையபடி நிமிர்த்தினார். தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கிறவருக்குக் கை வேகமாக ஓடாது. நான்கு மணிக்கு முன்னிருக்கையில் ஏறினார்.

மேலே கேப்டன் வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கினார். இடது இறக்கை சட்டென்று விழுந்தது. ஆறு, மாடுகள், தேவாலயக் கோபுரம், மறுபடி ஆறு. மூன்று சுற்று. கேப்டன் எதிர்ப்பக்க மிதிகட்டையை அழுத்தினார், வண்டி நேரானது. அன்செல்மின் மீசையெல்லாம் வாந்தி.

"எப்படி இருந்துச்சு?" என்றார் கேப்டன், தரையிறங்கியதும்.

"கேவலமா இருந்துச்சு, கேப்டன்."

"அதுதான் எனக்கு வேணும்." கேப்டன் இறக்கைமீதே காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார்.

அந்த விமானங்கள் எட்டு வருடம் பறந்தன. மாணவர்கள் வைத்த பெயர் மாமியார். பழுதுபார்க்க அன்செல்ம் போகும் பள்ளிகளிலெல்லாம் யாராவது ஒருவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்பான்:

"இந்தச் சனியனை எவன்யா முறுக்கினது?"

"நான்தான் தம்பி," என்பார் அன்செல்ம், விருது வாங்கியவர்போல.