பாட்டை நிறுத்தியபோது கேட்ட சத்தம்

கொட்டாஞ்சேனைத் தெருக்களில் கொன்ஸ்ரன்ஸின் ஸ்கூல் வேன் வருவதற்கு முன்னால் அதன் பாட்டு வந்துவிடும். ஒன்பது வருடமாக ஓட்டுகிறாள். ஒரு நாள்கூட ரேடியோ இல்லாமல் ஓட்டியதில்லை. தினமும் காலையில் ரேடியேட்டருக்கு ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றுவாள். கிழட்டு வேனுக்குத் தாகம் எடுக்காதா என்று அதற்கொரு நியாயம் வேறு.

ஓ/எல் பொதுத்தேர்வின் கணிதப் பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம், பின் சீட்டிலிருந்து டெனிஷா கெஞ்சினாள்.

"அன்ரி, பாட்டை நிப்பாட்டுங்களேன். நாளைக்கு மெட்ஸ்."

நிறுத்தினாள். முன்பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. மாதாவே, இது எத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறதோ! பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே கிராண்ட்பாஸ் கராஜுக்கு விட்டாள்.

கராஜ்காரர் ஸவாஹிர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரேடியேட்டர் தான் போய் ஈக்கிது. நாளைக்கு ஏலா, நாளண்டைக்கு வாங்க," என்றார்.

கொன்ஸ்ரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு எட்டரைக்கு எட்டுப் பிள்ளைகள் வெள்ளவத்தையில சோதினை மண்டபத்துல இருக்கோணும், ஸவாஹிர் நானா. ரேடியேட்டர்ல ஒழுக்கே இல்லை, வெளியில காய்ஞ்சுதான் கிடக்கு. இதைப் பாருங்க."

எஞ்சினை நிறுத்தி, விசிறியைப் பிடித்து ஆட்டினாள். டக், டக். அதற்குப் பின்னாலிருந்த வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை. அதிலிருந்து தண்ணீர் வழிந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. தினமும் ஊற்றிய போத்தல் போன வழி அதுதான்.

ஸவாஹிர் தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "பம்ப் தான். பெயாரிங் முடிஞ்சி. நாளைக்கு நடு ரோட்டுல இறுகி நிண்டிருக்கும்," என்று ஸ்பானரை எடுத்தார்.

கழற்றிய பம்பை ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு த்ரீவீலில், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் பறந்தாள். முதல் கடையில் கொடுத்த பம்புக்குத் தண்டு நீளம். அடுத்த கடையில் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.

"அய்யே, பொட்டக் இன்ன!" என்று கடைக்காரரைச் சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக்கொண்டே குனிந்து உள்ளே நுழைந்து, பழையதை மேசையில் வைத்தாள். புதியதை அதன்மேல் வைத்துப் பார்த்தால் ஓட்டைக்கு ஓட்டை அச்சாகப் பொருந்தியது. கொன்ஸ்ரன்ஸ் கடைக்காரரைக் கட்டிப்பிடிக்காத குறை.

ஸவாஹிர் பழைய கேஸ்கட்டைச் சுரண்டித் துடைத்து, புதியதை வைத்துப் பம்பைப் பூட்டினார். கூலண்ட் ஊற்றி, காற்றுக் குமிழ் எல்லாம் போகும்வரை எஞ்சினை ஓடவிட்டார்கள். வெப்ப முள் நடுவில் ஏறி அங்கேயே நின்றது. கரகரப்பு இல்லை.

மறுநாள் வேனில் பாட்டு இல்லை, சூத்திரங்களை முணுமுணுக்கும் சத்தம்தான். கொள்ளுப்பிட்டி நெரிசலில் அவள் ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். அது அசையவில்லை. எட்டு மணிக்கு எட்டுப் பேரும் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் இறங்கினார்கள்.

பரீட்சை முடிந்ததும் டெனிஷாதான் முதலில் ஓடி வந்தாள். "அன்ரி, எல்லாம் செய்திட்டன். பாட்டைப் போடுங்க."

"பொறு. முதல்ல வேன் என்ன சொல்லுதெண்டு கேப்பம்."

எஞ்சினை இயக்கினாள். எட்டுப் பிள்ளைகளும் மூச்சுக் காட்டாமல் காதைக் கொடுத்தார்கள். பிறகு கொன்ஸ்ரன்ஸ் ரேடியோவை முழுச் சத்தத்தில் போட்டாள்.